ஈயம் கடித்த வாய்

"டாக்டர் சீட்டு இல்லாம அந்த மாத்திரையைத் தர மாட்டேங்க!"

அடையாறில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் ஆஷா சொன்னால் சொன்னதுதான். எதிரே, மழையில் தொப்பலாக நனைந்து ஒருவன். இமையில்கூடத் தண்ணீர் சொட்டியது. இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தன் இப்படியா முறைப்பான்? அட, வேலை நேரத்தில் நினைக்கிற நினைப்பா இது...

"இன்னா மேடம், ரத்தத்துல ஈயம் கீதுன்னு ரிப்போர்ட்டே வச்சிக்கினு வந்துகீறேன். அத்த வெளிய இழுக்கிற மாத்திரய குடுன்னா ரூல்ஸ் பேசறீங்க?"

"ஈயத்தை மட்டும் இழுக்காதுங்க. உடம்புக்கு வேண்டிய சத்தையும் சேர்த்து இழுத்துடும். ஈரல், கிட்னி எல்லாம் டெஸ்ட் பண்ணி, எடை பார்த்து, டாக்டர்தான் அளவு சொல்லணும். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா இன்னா? நீங்களா அழப்போறீங்க?"

ஆஷாவுக்குச் சுருக்கென்றது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் சுப்பராயன் முன்னால் உட்காரவைத்தாள்.

பெயர் பிரபாகர். பட்டினப்பாக்கத்து மீனவன். வலை தண்ணீரில் அமிழக் கட்டுகிற ஈயமணியை வீட்டு அடுப்பிலேயே காய்ச்சி வார்க்கிறவன். முதலில் வயிற்றுவலி வந்தது. அப்புறம் வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. வலை இழுக்கிற கை! அது போனால் கடலும் போச்சு.

"முதல்ல காய்ச்சறதை நிறுத்துப்பா. ஈயம் உள்ளே போய்க்கிட்டே இருந்தா மருந்தே கெடுதலா முடியும்" என்றார் டாக்டர்.

"மாதா மேல சத்தியம் சார். வுட்டுட்டேன்."

பத்தொன்பது நாள் மருந்து. வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. அவன் வருகிற நாளில் மட்டும் ஆஷா தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அடிப்பாள்!

"டப்பாவ தொறந்தாலே அழுவுன முட்ட நாத்தம் மேடம். எங்கம்மா விக்கிற கருவாடே தேவல."

"மூக்கைப் பிடிச்சிக்கிட்டு முழுங்குங்க."

"நீங்க சொன்னா கல்லக்கூட முழுங்குவேன்..." என்றவன், தானே வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான்.

ஈயம் பாதியாக இறங்கியது. ஆனால் மருந்து முடிந்த மூன்றாம் வாரம் பார்த்தால், பழைய இடத்துக்கே ஏறி நின்றது. "எலும்புல தங்கினது கொஞ்சம் திரும்பி வரும். இவ்வளவு வராதே..." டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மறுபடி மருந்து தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் ஆஷா பொரிந்து தள்ளினாள். "இன்னும் காய்ச்சறீங்க! சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றீங்க!"

அவன் முகம் சுண்டிப்போனது. "அந்தச் சட்டிய அன்னிக்கே கடாசிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்வனா நானு?"

போனவன் போனவன்தான்... அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்தக் கை இப்போது எப்படி இருக்கிறதோ! பாவி நாக்கு, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? ஆஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ரோஷத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பட்டினப்பாக்கம் பஸ் ஏறினாள்.

தூறலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா லூர்துமேரி. விசாரித்தவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த மாத்திர மேடம் நீதானா? தோ, படகாண்ட குந்திகினு கீறான். ரெண்டு வாரமா யார்கிட்டயும் பேச்சு இல்ல."

படகோரத்தில் பிரபாகர். மடியில் புது வலை. கன்னம் உப்பியிருந்தது. வாயிலிருந்து ஒரு ஈயமணியை நாக்கால் முன்னே தள்ளி, கயிற்றில் பொருத்தி, பல்லால் நறுக்கென்று கடித்து இறுக்கினான். அப்புறம் அடுத்த மணி...

"துப்பு! டேய், துப்புடா!"

கரையே திரும்பிப் பார்த்தது. அவன் வெலவெலத்துப்போய் மணிகளைக் கையில் துப்பினான்.

"இன்னாங்க... எங்காளுங்க எல்லாம் இப்டித்தான் மணி கட்டுவோம். இப்ப கொறடு புடிக்கக் கையி வர்ல, அதான் எல்லாத்தயும் பல்லாலயே கடிக்கறேன். காய்ச்சாதன்னீங்க, வுட்டுட்டேன். கடிக்கறதப் பத்தி யாரும் கேக்கலியே!"

ஆஷா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்கள் நிறைந்து வழிந்தன.

"கேட்டிருக்கணும். கேக்காம உங்களைப் பொய்யன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க..."

அவன் தொங்கிய கையைப் பார்த்தான். "இது சரியாவலன்னா?"

"நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லி, புதுசா ஆரம்பிப்போம். முதல்ல வாயைக் கொப்பளிங்க!"

அவன் பாட்டில் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். எதிர்த்துப் பேச முடியாத நிலைமை. இப்போது விட்டால் தைரியம் போய்விடும் என்று ஆஷாவுக்குத் தெரியும்.

"எல்லா பேஷண்ட்டையும் தேடிக்கிட்டு நான் பஸ் ஏற மாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கை சரியானாலும் சரி... ஆகலைன்னாலும் சரி."

அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. தொண்டை அசையப் பார்த்தது.

"ஐயோ, முழுங்கிடாதீங்க!"

அவன் தடதடவென்று ஓடினான். துப்பினான். இன்னொரு வாய் ஊற்றிக் கொப்பளித்தான். திரும்பி வரக்கூடப் பொறுமையில்லாமல், அங்கிருந்தே கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"எனக்குந்தாங்க!"