உச்சியில் ஓடிய சாம்பல் கோடு

இந்தக் காலத்தில் ஒரு மனுஷி நேரில் நின்று சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை. அதையே தாளில் கிறுக்கிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். படச்சட்டம் போடும் கிழவருக்குக் காலையிலேயே இந்த எரிச்சல் வந்துவிட்டது.

காரணம், கண்காட்சிக்கென்று வந்து கடை ஜன்னலோரச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு படங்கள். இரண்டும் ஒரே அரூப நிலக்காட்சி. குவாஷ் என்கிற கெட்டி நீர்வண்ணத்தில் பச்சையும் காவியும் கைபோன போக்கில் புரண்டு கிடந்தன. இரண்டிலும் உச்சியிலும் இடப்பக்கத்திலும் மெல்லிய சாம்பல் கோடு. ஒன்று ஓவிய டீச்சருடையது. வகுப்புச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பல வருஷம் தொங்கியது. மற்றது அவளிடம் படித்த நாற்பது வயதுக்காரனுடையது; சட்டமில்லாத வெறும் தாள்.

"என் படத்தைப் பார்த்துத்தான் டீச்சர் வரைஞ்சாங்க," என்றான் அவன்.

கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மாள் அவசரப்பட்டாள். "யார் திருடினதுன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணும். டீச்சர்னா வேலை போயிடும். சட்டத்தைக் கழட்டுங்க பெரியவரே, பின்னாடி தேதி இருக்கான்னு பார்ப்போம்."

"நான் தேதி போடுறதே இல்ல," என்றாள் டீச்சர். "ஆனா கழட்டுங்க. நான் விடப்போறதில்ல."

கண்ணாடி அறுக்கும் மைத்துனன் அதற்குள் மற்றவனின் தாளைப் புரட்டிவிட்டான். "மாமா! பத்து வருஷத்துக்கு முந்தின தேதி! கதை முடிஞ்சுது!"

"உன் கையில பேனா கொடுத்தா உங்க தாத்தா கல்யாணத் தேதியே போடுவே. பேசாம ஆணியைப் பிடுங்குடா." கிழவர் அந்த ஆளைப் பார்த்தார். "தம்பி, இந்தச் சாம்பல் கோடு எதுக்கு?"

"அது வானத்தோட கனம், பெரியவரே. தூரிகையை முதல்ல வெச்சதே அங்கதான்."

"டீச்சரம்மா, நீங்க?"

டீச்சர் விழித்தாள். "கோடா? நான் கோடு எதுவும் போடலையே."

"வரைஞ்சதே மறந்து போச்சு பாருங்க!" அவன் சிரித்தான். பொறுப்பாளர் அம்மாளின் முகம் இறுகியது.

கிழவர் கண்ணாடியை எடுத்தார்; அதன் பின்னால், படம் தெரிய நடுவில் சதுரமாக வெட்டியிருந்த கனத்த அட்டையையும் எடுத்தார். டீச்சர் படத்தில் சாம்பல் கோட்டைக் காணோம். அட்டையைத் திரும்ப வைத்தார், கோடு வந்தது.

"இந்த வண்ணம் கண்ணாடியில ஒட்டிக்கும். அதுக்குத்தான் நடுவுல அட்டை. வெளிச்சம் சாய்வா வந்தா அட்டையோட நிழல் படத்து மேல விழும். வகுப்புலயும் ஜன்னல் இடப்பக்கம்தானே?"

"ஆமா!" என்றாள் டீச்சர்.

"மாடு, மரம்னு வரைஞ்சிருந்தா நிழல் எது, சாயம் எதுன்னு தெரிஞ்சிருக்கும். இதுல யாருக்குத் தெரியும்? சுவத்துல தொங்கினதைப் பார்த்து, நிழலையும் சேர்த்து வரைஞ்சுட்டார் தம்பி. அதுக்கு வானத்தோட கனம்னு பேரு வேற."

அந்த ஆள் தன் தாளைச் சுருட்டத் தொடங்கினான். பொறுப்பாளர் அம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "டீச்சர், உங்க படத்தை இன்னிக்கே மாட்டிடலாம்."

டீச்சர் அப்போதுதான் உட்கார்ந்தாள். "ரொம்ப நன்றி பெரியவரே. இது மழை விட்ட மலை. நல்லாப் பாருங்க."

கிழவர் தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"நீங்க வரைஞ்சதுக்கு ஆதாரம் கிடைச்சுது. மலைங்கறதுக்கு?"

சுத்தியலை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.