ரத்தினம்மாவை நறுக்காதே!

"சஞ்சி... சம்பல்ல என்ன போட்ட?"

கேட்டு முடிப்பதற்குள் ஜெயராஜ் கதிரையோடு சரிந்தார்.

தட்டு உருண்டது. ரொட்டி ஒரு பக்கம், சம்பல் ஒரு பக்கம்.

எதிரே உட்கார்ந்திருந்த சஞ்சீவனி எழுந்திருக்கவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். உயிர் கொடுக்கும் மூலிகையின் பெயரை இவளுக்கு யார் வைத்தார்களோ!

"வெங்காயம்தாங்க."

"வெங்காயம்... இப்படிக் கசக்காதே..."

"உங்க வெங்காயம் கசக்கும்."

ஜெயராஜின் கண்கள் குசினி ஜன்னலுக்கு ஓடின. அங்கே காய்வதற்காக வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கிழங்குகளைக் காணோம். வெறும் பை காற்றில் ஆடியது.

"அடிப்பாவி! ஸ்னோட்ராப்பையா அரைச்ச?"

"ஒண்ணு விடாம!"

ஸ்னோட்ராப்!

குளிர்தேசத்தில் பனியைத் துளைத்துக்கொண்டு தலைகுனிந்து பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. அதன் கிழங்கைப் பார்த்தால் சின்ன வெங்காயம். தின்றால் நஞ்சு. கண்டி வெயிலில் அது ஒரு வாரம் தாங்காது.

ஆனால் ஜெயராஜ் பல்லேகலயில் குளிர்பெட்டி வியாபாரி. சோடாப் போத்தல் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டிகளை ஹந்தானை வீட்டில் வரிசையாக நிறுத்தி, உள்ளே விளக்குப் போட்டு, இல்லாத பனிக்காலத்தை உண்டாக்கினார். வெளிநாட்டிலிருந்து கிழங்கு கிழங்காக வரவழைத்தார்.

கிறுக்குத்தான். ஆனால் கெட்டிக்காரக் கிறுக்கு!

இரண்டு ஜாதிகளைக் கலந்து, விதை எடுத்து, முளைக்கவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்தார். போன முறை ஒரே ஒரு கிழங்கு மஞ்சளாகப் பூத்தது. வேறு எந்தச் சேகரிப்பாளரிடமும் இல்லாத மஞ்சள்!

அதற்கு 'ரத்தினம்மா' என்று பெயர் வைத்தார். அவருடைய அம்மாவின் பெயர். மனைவியின் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை போலும்.

லண்டனில் ஒரு சேகரிப்பாளர் அந்த ஒரு கிழங்குக்குச் சொன்ன விலையில் கண்டியில் வீடே வாங்கலாம். திகனயில் பூக்கிழங்கு வியாபாரம் செய்யும் ஹில்மிதான் பேசிப் பார்த்தார். ஜெயராஜ் கேட்கவில்லை.

"அம்மாவ விப்பாங்களா?" என்றார். பேச்சு முடிந்தது.

இப்போது அவருடைய பேச்சே முடியப்போகிறது...

"சஞ்சி... ஆஸ்பத்திரி... காரை எடு..."

"பெட்ரோல் இல்லீங்க."

ஜெயராஜ் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

சில வருஷத்துக்கு முன், நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. திடீரென்று ரத்தம். வீட்டில் ஒரே ஒரு கான் பெட்ரோல். அதை அவர் காருக்கு ஊற்றவில்லை. கரண்ட் போய்விட்டது, கிழங்கெல்லாம் வெந்துவிடும் என்று ஜெனரேட்டருக்கு ஊற்றினார்.

கிழங்கு பிழைத்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொன்னீங்களே... ஞாபகம் இருக்கா?" சஞ்சீவனி குனிந்து அவர் முகத்தருகே சொன்னாள். "இப்ப நீங்க பொறுத்துக்குங்க."

அவர் வாந்தி எடுத்தார். வியர்த்துக் கொட்டியது. ஏற்கனவே இதய நோயாளி. டாக்டர் கொடுத்த குளிசை நாடியை மெதுவாக்கி வைத்திருந்தது. மிச்ச வேலையைக் கிழங்கு பார்த்துக்கொண்டது.

சஞ்சீவனி அவர் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தாள். ரத்தினம்மா இருக்கும் பெட்டியின் சாவி. தூங்கும்போதும் அவர் கழற்றாத சாவி.

அப்போதுதான் அது நடந்தது.

ஜெயராஜ் சிரித்தார்!

"என்ன சிரிப்பு?"

"சாவிய எடுத்து... என்ன செய்யப் போற?"

"ரத்தினம்மாவ விக்கப் போறேன். ஹில்மி பாய் வந்துட்டே இருக்காரு. நீங்க சம்மதிச்சுட்டீங்கன்னு சொல்லிட்டேன். டொரோண்டோவுல அக்கா இருக்கா. போய்ச் சேந்துடுவேன்."

"போ... போ..." மூச்சு விசிலடித்தது. "பெட்டியில இருக்கறது சாதாக் கிழங்குடி. கள்ளனுக்குப் பயந்து... மாத்தி வச்சேன். அசல்... அந்த வலைப்பையிலதான் கெடந்துச்சு..."

"பொய்!"

"வெங்காயம் மாதிரித் தொங்குறத... எவன் திருடுவான்? நீதான்... திருடியிருக்க. ருசி எப்படின்னு... என்னைக் கேளு..."

அத்தோடு சரி.

ஜெயராஜ் செத்துப்போனார். சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது.

சஞ்சீவனி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

விலை போகும் கிழங்கைச் சாதாப் பெயரில் ஒளிப்பதும், சாதாவுக்குப் பெரிய பெயர் வைப்பதும் சேகரிப்பாளர்களிடையே பழைய வித்தை. பெயர் எழுதிய தகட்டை மாற்றிக் குத்தினால் போதும். பூக்காத காலத்தில் வெளியே பார்க்க எல்லாக் கிழங்கும் ஒரே மாதிரிதானே? பெண்டாட்டியைக்கூட நம்பாத இந்த மனுஷன் அதைச் செய்யாமல் இருப்பாரா!

அப்படியானால்... டொரோண்டோவை அவளே அம்மியில் வைத்து அரைத்துவிட்டாளா?

பிணத்தின் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விட்டாள். இன்னொன்றும் விட்டாள். ஆத்திரம் தீரவில்லை.

ஆனால் மூளை வேலை செய்தது. பணம்தான் போச்சு. கழுத்தையாவது காப்பாற்ற வேண்டாமா? அவரே வெட்டியதாகக் காட்ட ஒரு கிழங்கு வேண்டும்; மிச்சம் இருப்பது இந்தச் சாதா ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்தாள். 'ரத்தினம்மா' என்று தகடு குத்திய சட்டியைக் கவிழ்த்துக் கிழங்கை எடுத்தாள். குசினிப் பலகையில் வைத்தாள். தலையை வெட்டினாள். வேரை வெட்டிக் கூடையில் எறிந்தாள். தோலை உரித்தாள். மளமளவென்று நறுக்கினாள். பக்கத்தில் நாலு வெங்காயத் தோலைப் பரப்பினாள்.

தகட்டை உடைத்து அடுப்பில் போட்டாள். சாவியை மறுபடி அவர் இடுப்பில் கட்டினாள்.

பிறகு தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அலறினாள்.

"ஐயோ! யாராவது ஓடி வாங்களேன்!"

ஹந்தானைத் தேயிலைச் சரிவு முழுக்கக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் திலக்ஷன் பிணத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஈரத் தலையோடு நின்ற விதவையைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

"அந்தக் கிழங்க வெட்டி வெட்டித்தான் பெருக்குவாங்க சேர். ஒண்ண வெட்டிப் பல செடியாக்குறது. அத என் குசினிப் பலகையிலயே வச்சு வெட்டுவாரு. வெங்காயத்தோட கலந்துடும், வேணாம்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்! இன்னிக்கு நானே சம்பல் அரைக்கிறேன்னு வந்தாரு. கலந்துடுச்சு..."

"நீங்க சாப்பிடலையா?"

"வெள்ளிக்கிழமை விரதம் சேர். குளிச்சுட்டு வந்து பாக்கறேன், பேச்சு மூச்சு இல்ல!"

முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நல்ல நடிப்பு.

திலக்ஷன் பெருமூச்சு விட்டார். கான்ஸ்டபிள் சதீஸைத் திரும்பிப் பார்த்தார்.

"விபத்து மாதிரித்தான் தெரியுது. இவ்வளவு படிச்சு வளத்த மனுஷன், கடைசியில சம்பல்ல போய்..."

வாசலில் த்ரீவீல் வந்து நின்றது. ஹில்மி! கூட்டத்தை விலக்கிக்கொண்டு குசினி வரைக்கும் வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் நெஞ்சில் கை வைத்து அலறினார்.

"யா அல்லாஹ்! ரத்தினம்மாவ யாரு வெட்டின?"

திலக்ஷனின் கை துப்பாக்கிக்குப் போனது. "யாரு ரத்தினம்மா? இன்னொரு கொலையா?"

"இந்தக் கிழங்குதான் சேர் ரத்தினம்மா! உலகத்துக்கே ஒண்டுதான் ஈந்திச்சு! இந்தா பாருங்க, உள்ளுக்கு மஞ்சள் கோடு. போன மாசம் ஜெயராஜ் நானா தோல ஒரு ஓரமா உரிச்சு எனக்குக் காட்டினார். வேற எதுலயும் இது இல்ல!"

சஞ்சீவனியின் முகத்திலிருந்து சேலைத்தலைப்பு நழுவியது.

திலக்ஷன் ஹில்மியின் தோளைத் தட்டினார். "விடுங்க பாய். செடியாக்கத்தானாம் வெட்டினாரு. துண்டுக்கு ஒண்ணா முளைக்குமே?"

"எங்க சேர் முளைக்கிற?" ஹில்மி கிட்டத்தட்ட அழுதார். "அதுக்கு வெட்டுறெண்டா கிழங்கத் தலகீழா வெச்சு, அடியில ஈக்கிற வேர்த் தட்டோட சேத்து நெடுக்க வெட்டோணும். ஒவ்வொரு துண்டுலயும் அந்தத் தட்டு கொஞ்சம் ஈக்கோணும். இல்லாட்டி அழுகிப் போகும். இதுல முதல்லயே வேர வெட்டி வீசிக்கி! அந்த மனுஷன் தூக்கத்துலயும் இப்படி வெட்ட மாட்டார்!"



திலக்ஷன் குப்பைக் கூடைக்குள் குனிந்தார். வெட்டி எறிந்த வேர்த் தட்டை விரலில் எடுத்தார். மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப இது செடிக்கு வெட்டினது இல்ல. கறிக்கு வெட்டினது. இந்த வீட்டுல யாரும்மா கறி சமைக்கிறது?"

அவளுக்கு அது காதில் விழவே இல்லை!

"ஹில்மி பாய்..." குரல் பிசிறியது. "இது... அசலா?"

"அசலேதான் தங்கச்சி!"

"இல்ல! பெட்டியில இருந்தது சாதான்னு சொன்னாரே! பையில இருந்ததுதான் அசல்னு..."

"யாரு சொன்னது?" திலக்ஷன் கேட்டார்.

"அவருதான்! சாகறப்ப அவரே..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க வரும்போது பேச்சு மூச்சு இல்லைன்னு சொன்னீங்களே?"

அவள் கண் பலகையிலிருந்த துண்டுகளுக்கே ஓடியது.

ஜெயராஜ் கடைசி மூச்சில் சொன்னது பொய்! பச்சைப் பொய்! தனக்கில்லாத ரத்தினம்மா அவளுக்கும் வேண்டாம், அவள் கையாலேயே அழியட்டும் என்று நினைத்தவர், அதற்கு ஒரே ஒரு வாக்கியத்தைச் செலவழித்திருந்தார்.

பத்து வருஷம் அவர் அடுத்த அறையில் கிழங்கு வெட்டினார். அவள் வெறுப்பில் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இன்று கழுத்தாவது தப்பியிருக்கும்.

சஞ்சீவனி பலகையின் மேல் விழுந்தாள். துண்டுகளைக் கூட்டிக் கூட்டி ஒட்டவைக்கப் பார்த்தாள். ஒட்டவில்லை. வீடே அதிர ஓவென்று அழுதாள். இந்த அழுகையில் நடிப்பு இல்லை.

விலங்கோடு வந்த சதீஸ் திகைத்து நின்றான்.

"சேர்... புருஷன் செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல. இப்ப மட்டும் இந்த அழுகை அழுறாங்களே?"

திலக்ஷன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"வெங்காயம் வெட்டினா அழுகை வரத்தானே செய்யும்? ஏத்து வண்டியில!"