யாரு வீட்டுப் புள்ளை?

இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவின் மலையூர்கள் கடலைப் பார்த்தபடி ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கும். கடற்கரையிலிருந்து ஏறிப் போகிறவனுக்குத்தான் உயிர் போகும். ஒரே நாளில் மூன்று பழைய ஊர்களைப் பார்த்துவிடலாம் என்பது ஓர்னெல்லாவின் திட்டம். முதல் ஊரில் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டாவது ஊரில் தெரு குறுகிக்கொண்டே வந்து, காரின் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது.

அதைக்கூட அவள் கணவன் சவேரியோ பொறுத்துக்கொண்டான். போகிற இடமெல்லாம் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

"தம்பி, நீ யாரு வீட்டுப் புள்ளை?"

காபிக்கடைக்காரர் கேட்டார், வழி சொன்னவர் கேட்டார், வழி தெரியாது என்றவரும் கேட்டார். "கீழ கடற்கரையில ரொட்டிக்கடை கொன்சீலியா மகன்" என்று காலையிலிருந்து ஏழு தடவை சொல்லியாகிவிட்டது.

அந்தக் கொன்சீலியாவுக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள். அவர்கள் மூன்றாவது ஊருக்கு ஏறும்போது போன் செய்தாள்.

"ஆறு மணிக்கு வந்துடுடா. மூணு தட்டு வச்சிட்டேன். உனக்குப் பிடிச்ச கத்தரிக்காய் செஞ்சிருக்கேன்."

"வந்துடறேன்மா, இவ விட்டா."

"நான் என்ன உன்னைக் கட்டியா போட்டிருக்கேன்?" என்றாள் ஓர்னெல்லா.

மேலே போய்ச் சேரும்போது மணி இரண்டு. அந்த வேளையில் அங்கே யாரும் வெளியே நடமாட மாட்டார்கள். வெயில் வெள்ளையாகக் கொட்டியது. தெருவின் நடுவே கார் மாட்டிக்கொள்ள, திருப்ப இடம் தேடி சவேரியோ இறங்கி நடந்தான். எல்லா ஜன்னல்களிலும் பச்சைப் பலகைகள் சாத்தியிருந்தன. ஒரு பூனைகூட இல்லை. எங்கிருந்தோ குடைமிளகாய் வதக்கும் வாசனை மட்டும் வந்தது.

"யாராவது இருக்கீங்களா? காரைத் திருப்ப எங்கயாவது இடம் இருக்கா?"

ஒரு ஜன்னல் பலகைக்குப் பின்னாலிருந்து பெண் குரல் மெதுவாகக் கேட்டது.

"நீ யாரு வீட்டுப் புள்ளை?"

அவனுக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

"உங்க வீட்டுப் புள்ளைதான்! போதுமா?"



யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

பிறகு தாழ்ப்பாள் விலகியது.

"இத்தனை வருஷம் கழிச்சா வர்றே?" குரல் தழுதழுத்தது. "கையைக் கழுவிட்டு வா. ஆறிடப் போகுது."

கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு, அதில் ஒரு மேசை. மேசைமேல் ஒரே ஒரு தட்டில் ஆவி பறந்தது. ஆள் யாரும் இல்லை.

அவன் ஓடினான். காரைப் பின்பக்கமாகவே ஊர் எல்லைவரை ஓட்டிவந்தான்.

"என்ன, பேயைக் கீயைப் பாத்தியா?" ஓர்னெல்லா சிரித்தாள். அவன் காரைக் கீழ்நோக்கித் திருப்பினான்.

ஆறு அடிக்கும்போது அம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். இருபது வருடமாகச் சட்டைப்பையில் இருக்கும் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. மணியை அடித்தான். சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள் கொன்சீலியா.

"என்னம்மா, பூட்டை மாத்திட்டியா?"

அவள் அவனையும் ஓர்னெல்லாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. தோளுக்குப் பின்னால், அவனுடைய சிறுவயதுப் படம் தொங்கிய சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மேசையில் ஒரு தட்டுதான் வைத்திருந்தது.

"அம்மா, நான்தாம்மா!"

"வீடு மாறி வந்துட்டே போல, தம்பி. எனக்குப் பிள்ளைங்களே கிடையாது." இரக்கத்தோடுதான் சொன்னாள். "நீ யாரு வீட்டுப் புள்ளை?"

ரொட்டிக்கடை கொன்சீலியா மகன் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டான். ஓர்னெல்லா அவன் கையை இறுகப் பிடித்தாள். தெருவில் குடைமிளகாய் வாசனை அடித்தது.

எதிர் வீட்டின் சாத்திய ஜன்னல் பலகைக்குப் பின்னாலிருந்து, அதே பெண் குரலில் பதில் வந்தது.

"எங்க வீட்டுப் புள்ளை."