உள்ளே இருப்பவருக்கு இரண்டு தட்டு

மதலைமுத்து கையில் டீ கிளாஸோடு கீழே புல்தரையில் நின்றுகொண்டிருந்தபோது, எஞ்சினுக்குள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. மேலே, அந்தக் காலத்தில் டிரைவர் நிற்கும் மேடையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த பெர்னதெத்தின் கை தன் பாட்டுக்கு ஸ்பேனரை எடுத்து, பதிலுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புருஷன்தான் வெளியே நிற்கிறாரே, அப்போது உள்ளே யார்?

பாய்லர் வேலைக்காரர்களுக்கு அது மாறாத பழக்கம். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே இருந்தே ஆகவேண்டும். உள்ளே இருப்பவர் அவ்வப்போது மூன்று தட்டுவார், வெளியே இருப்பவர் இரண்டு தட்டுவார். நீ இருப்பது எனக்குத் தெரியும், நீ வரும்வரை யாரையும் தீ வைக்க விடமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். கரி எஞ்சின்கள் மெயின் லைனில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் லோகோ ஷெட்டில் கலாசியாக, எடுபிடி ஆளாக இருந்த மதலைமுத்து, ஷெட்டை மூடியபோது கையோடு கொண்டுவந்த சொத்து அது ஒன்றுதான். சிவாஜிநகர் பக்கம் ஒர்க்‌ஷாப் போட்டு, கல்யாணமும் ஆன பிறகு, பதினெட்டு வருஷமாக வெளியே உட்கார்ந்து தட்டுவது பெர்னதெத்தின் வேலை. ஒருநாளும் இடத்தை விட்டு அசைந்தவளில்லை. இன்றைக்குப் பார்த்து, அவர் உள்ளே இருக்கும்போதே மகள் ஆஞ்சலா போன் பண்ணித் தொலைத்தாள். சிக்னல் இல்லையென்று பெர்னதெத் மேடையிலிருந்து இறங்கி மரத்தடிவரை போய்ப் பேசினாள். திரும்பி வந்தால் அவர் புல்லில் நிற்கிறார். வந்துவிட்டார் போல என்று நினைத்தாளே தவிர, அவர் வெளியே வந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை.

ஹெப்பகோடியில் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் தோட்டத்தில் நிற்கும் எஞ்சின் முப்பது வருஷமாக நெருப்பைப் பார்க்காதது. துருவைச் சுரண்டி, கறுப்பு பெயிண்ட் அடித்து, திங்கட்கிழமை திறப்புவிழாவுக்குப் புகைபோக்கியில் கொஞ்சம் நிஜப் புகையும் வரவழைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்றைக்கு அதற்கு ஒத்திகை. மழைக்கு முந்தைய மத்தியானம், இலைகூட ஆடவில்லை. ஈரத் துருவும் புதுப் பெயிண்டும் கலந்து மூக்கை அரித்த அந்த வாடைக்கு அடியில், ஒரு துண்டு கரிகூட இல்லாத இடத்தில், கரி எரிந்து அடங்கிய நாற்றம் மெல்ல மெல்ல மேலேறி அவள் புடவையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, உள்ள தட்டுற மாதிரி இருக்கு."

அவர் திரும்பவில்லை. "இரும்புடீ. வெயில்ல விரிஞ்சது, இப்ப சுருங்குது."

சரிதான் என்று தோன்றியது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பார்வை அவர் சட்டையிலேயே நின்றது. ரெண்டு மணிநேரம், எஞ்சினில் கரி எரிக்கும் நெருப்புப் பெட்டிக்குள் தவழ்ந்த மனிதரின் சட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. டீயை உறிஞ்சுகிறார், உறிஞ்சுகிறார், கிளாஸில் அளவு குறையவில்லை. டீயின் மேலே படிந்த பாலாடைகூடக் கலையவில்லை.

கம்பெனி மேனேஜர் ஷ்ரேயாஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "முதலியப்பா, ஸ்வல்ப பேகா!" கன்னடத்தில் அவசரப்படுத்தினான். பையனுக்கு இன்னும் அவர் பேர் வாயில் நுழையவில்லை. "வெளிச்சம் போறதுக்குள்ள புகை வந்தாகணும்."

"பத்த வெச்சுடலாம் சார். உள்ள யாரும் இல்ல" என்றார் மதலைமுத்து.

தலையை உள்ளே விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்காமல் ஒரு தீக்குச்சி கிழிக்காத மனிதர் அவர். காலி டிரம்மைக்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெல்டிங் வைப்பார்.

மறுபடி மூன்று தட்டு. இந்தத் தடவை அவசரமாக. அப்புறம் ஓர் இருமல்.

அந்த இருமலை அவளுக்குத் தெரியும். காலையில் முதல் வாய் காபிக்கு முன்னால், பாத்ரூம் வாசலில் நின்று, இரண்டு சின்னதும் ஒரு நீளமுமாக இருமுவார். எத்தனை நாள் தூக்கம் கெட்டுத் திட்டியிருக்கிறாள்.

"மாதாவே" என்றாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து நெருப்புப் பெட்டியின் வாயருகே குனிந்தாள். ஒரு தோள் முதலில் போய், பிறகு தலை போய், உடம்பை ஒருக்களித்தால்தான் நுழையக்கூடிய ஓட்டை. உள்ளே கும்மிருட்டு.

"யாரு?"

"பெர்னா." உள்ளேயிருந்து அவருடைய குரல். "எங்கடீ போன? வழி தெரியல. கதவ மூடிடாத."

கீழே டீசல் வாடை. எட்டிப் பார்த்தாள். புல்தரையில் நின்றவர் பனியன் வேஸ்ட் துணியை டீசலில் முக்கி, சக்கரத்துக்கு நடுவே குனிந்து, நெருப்புப் பெட்டிக்கு அடியிலிருக்கும் சாம்பல் தட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நிதானமாக. ஒவ்வொன்றாக.

"வெக்காதீங்க! அவரு உள்ள இருக்காரு! ஷ்ரேயாஸ், நிறுத்தச் சொல்லு!"

"யாரு மேடம்? இதோ அண்ணா இங்கதானே இருக்கார்?" ஷ்ரேயாஸ் சிரித்தான். கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கீழே இருந்தவர் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருடைய முகம்தான். அவருடைய கண்தான். தீக்குச்சி கிழித்தார்.

அவள் கையை ஓட்டைக்குள் விட்டாள். "கையக் குடுங்க! சீக்கிரம்! என் கையப் பிடிங்க!"

பிடித்தது. சூடான வலது கை. கரி படிந்த கை. விரலில் மோதிரம், அவள் போட்டுவிட்ட மோதிரம், அதில் சிலுவை. சேசுவே நன்றி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இழுத்தாள்.

இன்னொரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அதுவும் வலது கை. அதிலும் மோதிரம். அதே சிலுவை.

கீழேயிருந்து பக்கென்று தீ எழுந்தது. கம்பிகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே ஏறியது.

பார்த்தாள்.

தோளோடு தோள் இடித்துக் குந்தியிருந்தார்கள். பின்சுவர்வரை. எல்லாரும் மதலைமுத்து. எல்லார் முகத்திலும் கரி. எல்லார் கண்ணிலும் பயம். இரண்டு சின்னதும் ஒரு நீளமுமாக, ஒருவர் மாற்றி ஒருவர், இருமினார்கள். தீ அவர்கள் முழங்காலைத் தொட்டது. அத்தனை வலது கையும் அவளை நோக்கி நீண்டது.

"பெர்னா," என்றார்கள், "நான்தான்டீ."