வழுக்காத பிடி

இழுத்துக் கரையில் போட்ட ஆளின் வேட்டி நனைந்திருக்கவில்லை.

சுற்றி நின்றவர்கள் எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆளாளுக்குத் துண்டால் துவட்டினார்கள். இழுத்துப்போட்ட தங்கசாமியின் முதுகில் தட்டினார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தங்கசாமிதான் அவர்களுக்குக் காவல் தெய்வம். எந்த வெள்ளத்திலும் அவன் கால் பாறையை விட்டு நகராது. உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க வருபவன்கூட அவன் பிடியில் வழுக்க மாட்டான். பிடித்த கையை, அது எவன் கையானாலும், விடுவதில்லை என்று இலஞ்சி முருகன் சந்நிதியில் சத்தியம் செய்தவன்.

அந்த ஆளை இந்தச் சாரலில் அவன் எடுப்பது மூன்றாவது தடவை. முதல் தடவை எடுத்த அன்று ஐந்தருவியில் ஒரு குழந்தை போனது. அடுத்த தடவை, பழைய குற்றாலத்தில் ஒரு புதுமாப்பிள்ளை.

கூட்டம் கலைந்ததும் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுவதுபோலச் சொன்னான்: "நீ என்னைய எடுக்குத ஒவ்வொரு தடவையும் தண்ணி வேற ஒரு ஆளை எடுத்துக்கிடுது. நீ விட்டுட்டா அதோட சரி. ஆனா நீ விடமாட்டியே. சத்தியவானுல்லா."

அன்று சாயங்காலம் செண்பகாதேவி அருவியிலிருந்து ஒரு கிழவியைத் தூக்கி வந்தார்கள்.

தங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி குருவம்மாளிடம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினான். "ஊருல பாதிப் பேரு ஒங்க கையாலதான் நடமாடுதாவ. கண்டதையும் நெனைக்காதிய," என்றாள் அவள். அவனோ, போன மூன்று உயிருக்கும் தன் கைதான் காரணம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு நான்காம் நாள் நண்பகலில் அருவியின் சத்தம் மாறியது; இரைச்சலுக்கு அடியில் கற்கள் உருளும் முனகலும், செம்மண் வாடையும், எங்கோ முறிந்த பச்சைக் கிளைகளின் கசப்பு நெடியும் முதலில் இறங்கி வந்தன, தண்ணீர் அதற்குப் பின்னால் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நுரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

பிடித்தான்.

அதே முகம். சிரித்தது.

"பொம்பளைய பக்கம் ஒம் மக பேராச்சி குளிக்கா. பாத்தியா?"

தங்கசாமியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசி விரலும் விலகிய பிறகுதான் அந்த முகம் மாறியது. தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செல்லப்பா. மூன்று பிள்ளைக்காரர்.

"அண்ணாச்சி..."

கூப்பிட்டவரின் வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. போய்விட்டார்.

"எண்ணெய்க் கை. வழுக்கிட்டு," என்றான் தங்கசாமி, கரையில் நின்றவர்களிடம்.

எல்லோரும் நம்பினார்கள். ஒருவர் ஆறுதலாகத் தோளைத் தொட்டார். அது சுட்டது. செல்லப்பா எண்ணெயே தேய்த்திருக்கவில்லை என்று அவன் கைக்குத் தெரியும்.

பெண்கள் பக்கம் அலறல்.

பேராச்சி. சுழிக்குள். கழுத்தளவு தண்ணீர்.

பாய்ந்தான். இரண்டு முழம். ஒரு முழம். ஒரு சாண்.

"ஏட்டி, புடிச்சுக்கோ. அப்பா விடமாட்டேன்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்; செல்லப்பாவை அது விட்டதை அவள் கண்டிருந்தாள். நீட்டியிருந்த தன் கைகளை இழுத்துக்கொண்டாள். இரண்டையும் மார்போடு கட்டிக்கொண்டாள். அப்புறம், கண்ணை மூடாமல், அந்தக் கையையே பார்த்தபடி, மெல்ல மெல்ல உள்ளே இறங்கினாள்.