கழுவாத காசு

ஜெபா எழுந்து தானே காப்பி போட்டுக் குடித்த அன்றைக்கு, பீரோவுக்குள் இருந்த காசு வெளுத்துப் போயிருந்தது.

அது தன் கண்ணின் குறையாக இருந்துவிடக் கூடாதா என்றிருந்தது ஸ்டான்லிக்கு. அவன் போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் பல வருஷமாகத் தரம் பார்க்கிறவன். நாலு காயை உள்ளங்கையில் உருட்டினாலே போதும், இது ஈரத்தோடு மூட்டை கட்டியது, இது சாயம் ஏற்றியது என்று சொல்லிவிடுவான். அந்தக் கண்ணுக்கு, விளிம்பில் பொன்னிறமும் அதற்குள் பன்னீர் திராட்சையின் கருஞ்சிவப்பும் நடுவில் மயில்நீலமுமாக நேற்று வளையம் வளையமாக மின்னிக்கொண்டிருந்த எட்வர்டு ராஜா வெள்ளி ரூபாய், இன்று சாம்பலில் புரட்டி எடுத்தது போலத் தெரிந்தது. வெளியே மேல்காற்று மலைமெட்டுப் பக்கமிருந்து சாரலை வாரிக்கொண்டு வந்து ஜன்னலில் இறைத்தது. அடுப்படியில் அவன் மனைவி ஜெபா டம்ளரை அலசிக்கொண்டே ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்தாள். அவள் பாடிக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றான்.

காசு சேர்க்கிறவர்களின் உலகம் தனி உலகம். வெள்ளிக்காசு ஏதோ ஒன்றோடு ஒட்டி வருஷக்கணக்காகக் கிடந்தால் காற்றும் ஈரமும் சேர்ந்து அதன் மேல் நிறம் ஏற்றும். அந்த நிறம் தானாக வந்ததாக இருக்க வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும். அப்படி அமைந்துவிட்டால் சாதாரணக் காசைப் போல ஐம்பது மடங்கு, நூறு மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. அழுக்குக்கா இவ்வளவு விலை என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான், என்ன ஆனாலும் காசைக் கழுவக் கூடாது. கழுவினால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும்.

ஸ்டான்லி இந்தப் பைத்தியத்தில் விழுந்ததற்குக் காரணம் ஜெபாவின் இதயம். வால்வு சுருங்கிவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், ஆனால் வரிசை நீளம். இந்த மாதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்றார் டாக்டர். தனியார் ஆஸ்பத்திரி கேட்ட தொகை அவன் ஆயுசுக்கும் சேர்த்துப் பார்க்காத தொகை. அப்போதுதான் வருசநாட்டில் ராக்கம்மாள் என்பவளிடம் வானவில் போல ஒரு காசு இருக்கிறது என்று கடை வேன் டிரைவர் சொன்னான். ஸ்டான்லி ஜெபாவின் இரண்டு வளையலையும் அடகு வைத்துவிட்டு பஸ் ஏறினான். முங்கப் போகிறவன் ஆழமா பார்ப்பான்?

ராக்கம்மாள் பேரமே பேசவில்லை. மஞ்சள் ஏறிய துணிப் பொட்டலத்தை ஒரு தட்டில் வைத்து, தட்டைக் குச்சியால் அவன் பக்கம் தள்ளினாள்.

"பணத்த அங்கன வச்சிருங்க. காச நீங்களே எடுத்துக்கங்க. நான் தொட மாட்டேன்."

"ஏம்மா, இது யாரு காசு?"

"யாரு காசா இருந்தா என்னய்யா. இனிமே ஒங்க காசு."

விளிம்போரம் காய்ந்த சந்தனம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சாமிக்குப் படைத்த காசு போல என்று நினைத்துக்கொண்டான். தலைமுறை தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற புராட்டஸ்டண்டு வீட்டுப் பிள்ளைக்குச் சந்தனத்தை எங்கே கண்டாலும் பூஜைதான். அவனுக்கு அந்த நிறம் ஒன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதை வட்டப் பிளாஸ்டிக் டப்பியில் அடைத்து, ஏலக்காயின் பச்சை போகாமல் காப்பது போலக் கறுப்புப் பாலிதீனில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினான்.

அன்று ராத்திரியே ஜெபாவுக்கு இரைப்பு வந்தது. தலையணையை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தும் அடங்கவில்லை. விடிந்ததும் படம் எடுக்கலாமென்று காசை வெளியே எடுத்தான். நீலம் கொழுந்துவிட்டு எரிந்தது. அந்தப் படத்தைத்தான் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பீட்டர்ராஜுக்கு அனுப்பினான். இந்த வட்டாரத்தில் காசுக்காகக் காசை அள்ளிக் கொட்டுகிறவர் அவர் ஒருத்தர்தான். பதில் உடனே வந்தது. அவர் சொன்ன விலையில் ஆஸ்பத்திரித் தொகை போக வளையலையும் மீட்டுவிடலாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஸ்டான்லி முழங்கால் போட்டு ஜெபித்தான்.

அதற்குப் பிறகுதான் கணக்கு புரிபட ஆரம்பித்தது. ஜெபா மூச்சுக்குத் தவித்த நாளெல்லாம் காசு ஜொலித்தது. அவள் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்ட நாளில் வெளுத்தது. காசு ஜொலிக்கிற நாளில் பீரோவைத் திறந்தால் பன்னீரும் வாடின ரோஜாமாலையும் ஊதுபத்தியும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். தெருமுனைப் பூக்கடையிலிருந்து வருகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அவள் நிம்மதியாகத் தூங்குகிற நேரத்தில் பீரோவுக்குள்ளிருந்து யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் மெல்லியதாகக் கேட்கும். இழுப்பது மட்டும்தான் கேட்கும், விடுகிற சத்தம் கேட்காது. அப்போதெல்லாம் பீரோவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வான்.

பக்கத்து வீட்டுப் பவுனுதான் ஜெபாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து ஒத்தாசை செய்கிறவள். ஒருநாள் சாயங்காலம் அவன் காசைக் கையில் வைத்திருந்தபோது உள்ளே வந்துவிட்டாள். பார்த்ததும் வாசலுக்கே பின்வாங்கினாள்.

"அண்ணே, இது நெத்திக்காசுல்ல! பொணத்து நெத்தியில சந்தனத்த அப்பி ஒட்டுவாகள்ல, அது! எடுக்கும்போதே கழுவித்தான எடுப்பாக. இதக் கழுவவே இல்லையேண்ணே!"

"கழுவலன்னா என்னம்மா?"

"கழுவலன்னா அது இன்னும் நெத்தியிலதான இருக்கு. வேற நெத்தி தேடுமுண்ணே. புளியப் போட்டு வெளக்கி ஆத்துல விட்டுருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வெளக்கினா கலரு போயிரும், பவுனு."

"கலரு போனாப் போகுது. அக்கா இருக்கும்ல?"

கலர் போனால் அக்கா எப்படி இருப்பாள்? அதைத்தான் இவளுக்குப் புரியவைக்க முடியாது. அன்றைக்கு அவன் புளியைக் கரைத்தான். கிண்ணத்துக்கு மேலே காசைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். கை இறங்கவில்லை. கழுவினால் ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் இல்லாவிட்டால் ஜெபா இல்லை. கழுவாவிட்டாலும்... அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. புளித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் பீட்டர்ராஜ் வருவதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை பார்த்துத்தான் ஜெபா எழுந்து காப்பி போட்டாள், பாடினாள், குளித்துத் தலை பின்னி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கல்யாணமான புதிதில் இருந்த களை. பீரோவில் காசு செத்துக் கிடந்தது. அவன் நிமிஷத்துக்கொரு தரம் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் சாம்பல்.

"ஏங்க, இன்னைக்கு மூச்சே வாங்கல. கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு. என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல. நீ செத்த படு."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கட்டிலில் மட்டமாக மல்லாந்து படுத்துத் தூங்கினாள். தலையணை அடுக்காமல் அவள் படுத்து எத்தனையோ நாளாயிற்று. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் தகரக் கூரைகள் தடதடத்தன. கரண்ட் போய்விட்டது. போன் அடித்தது.

"தம்பி, சின்னமனூரு தாண்டிட்டேன்." பீட்டர்ராஜ். "போட்டோவுல இருக்கிற கலரு இருக்கணும். கலருக்குத்தான் இம்புட்டுப் பணம். மங்கியிருந்துச்சுன்னா வந்த வழியே திரும்பிருவேன், வருத்தப்படக் கூடாது."

"இருக்குண்ணே. அப்பிடியே இருக்கு."

போனை வைத்துவிட்டு ஜெபாவைப் பார்த்தான். மார்பு சீராக ஏறி இறங்கியது. இன்றைக்கு ஒருநாள் நன்றாக இருக்கிறாள். நாளைக்கு? அடுத்த வாரம்? இந்த ஒருநாள் சுகத்தை நம்பி அந்தப் பணத்தை விட்டால் அவளைக் குழிக்குள் இறக்குவது அவன் கைதானே? நீலம் வருகிற வரைக்கும்தான். வந்ததும் எடுத்துவிடலாம். அவளுக்காகத்தான். எல்லாமே அவளுக்காகத்தான்.

டப்பியைத் திறந்தான்.

அவள் நெற்றியில் பூத்திருந்த வியர்வை மேல் காசை வைத்தான். வைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் நெருங்கியதும் அது தானே போய் ஒட்டிக்கொண்டது. ஜெபாவின் இமை ஒருமுறை துடித்தது. விழிக்கவில்லை.

பன்னீர் வாடை வந்தது. பீரோ பூட்டித்தான் இருந்தது. வாடை கட்டிலிலிருந்து வந்தது.

விளிம்பில் மெலிதாகப் பொன்னிறம் ஊறியது. ஸ்டான்லி மண்டியிட்டு முகத்தை அருகே கொண்டுபோனான். வருது. வருது. பொன் சிவந்தது. சிவப்பு கறுத்துத் திராட்சையானது. என்ன நிறம்! அழுகிற நிலையிலும் அவனுக்குள் இருந்த தரம் பார்க்கிறவன் வாயைப் பிளந்தான்.

ஜெபா மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மறுபடி.

விடவில்லை.

"ஜெபா?"

நீலம் வந்துவிட்டது. எடு. எடுத்துவிடு. கை நீண்டது. இன்னும் கொஞ்சம். நடுவில் மட்டும் இன்னும் கொஞ்சம். கை நின்றது. தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. திடுக்கிட்டுக் காசை நகத்தால் நெம்பினான். சுலபமாக வந்தது. உள்ளங்கையில் விழுந்தது.

சாம்பல். இரண்டு பக்கமும் வெறும் சாம்பல்.

பிறகுதான் அவளைப் பார்த்தான்.

கதவு திறந்தது. பீட்டர்ராஜ் சாரலை உதறிக்கொண்டு நுழைந்தார். ஸ்டான்லி கட்டிலை மறைத்து நின்றான். நீட்டிய கையிலிருந்த காசை அவர் தொடக்கூட இல்லை.

"செத்த காசு. ஏன் தம்பி, என்னய என்ன கேணப்பயன்னு..."

நிறுத்திவிட்டார். அவர் பார்வை ஸ்டான்லியின் தோளைத் தாண்டிப் போயிருந்தது. செருப்பைக் கழற்றினார். அவனைப் பூப்போல ஒதுக்கிவிட்டு நடந்தார்.

ஜெபாவின் நெற்றியிலிருந்து வளையம் வளையமாக நிறம் பரவியிருந்தது. மயிரோரம் பொன். கன்னங்களில் திராட்சை. இமைகளிலும் மூக்கிலும் உதட்டிலும் நீலம். ஒரு சுருக்கமில்லை. உலோகம் போன்ற பளபளப்பு. அவள் கண்கள் திறந்திருந்தன. அசைந்தன.

பீட்டர்ராஜ் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்தினார்.

"இது... எங்கன கெடச்சது?"

"அண்ணே, அது என் சம்சாரம்ணே."

"ஏங்..." என்றாள் ஜெபா.

"பேச வேணாமுன்னு சொல்லுங்க. கலரு அசங்குது." அவர் குரல் கோயிலில் பேசுவது போலத் தணிந்திருந்தது. "ரேட்டச் சொல்லுங்க தம்பி. சீக்கிரம். நீலத்துக்கு அப்பறம் கருப்புதான். அதுக்குள்ள முடிச்சிருவோம்."

அவரை இழுத்து வெளியே தள்ள வேண்டும். பவுனுவைக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ். கத்துவதற்காக ஸ்டான்லி வாயைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் கேட்ட தொகையைச் சொன்னான்.

பீட்டர்ராஜ் திரும்பாமலே தலையாட்டினார். இரண்டு விரலால் ஜெபாவின் தாடையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு மெதுவாகச் சாய்த்தார். நிறங்கள் முகமெங்கும் வழுக்கி ஓடின. முகம் போன பக்கம் கண்கள் போகவில்லை. அவை ஸ்டான்லி மேலேயே நின்றன. அவள் இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியின் நடுவில், ஒரு காசு அளவுக்கு, கருப்பு திறந்துகொண்டிருந்தது.