அசல் பாகம் பொருத்தவும்

காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னாலேயே, கொம்பையா மண்ணுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார். செவ்வாயில் குடியேறிய உழவர்கள் எல்லாருக்கும் இதுதான் முதல் வேலை. நீளமான ஒரு குழாயை வயலில் செருகி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் விடுகிற காற்றைக் குழாய் ஒலியாக மாற்றித் தரும். சன்னமாக ஓர் இரைச்சல் கேட்டால் வயல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் புதுவள்ளியூர்க் கூடாரத்தில் ஒருவரையொருவர் பார்த்தால் யாரும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதில்லை. 'மூச்சு எப்படி இருக்கு' என்றுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு மூச்சு கேட்டது. ஆனால் இளைப்புக்காரன் மாடிப்படி ஏறியது மாதிரி விட்டுவிட்டுக் கேட்டது.

"இணைப்பு முனை பழுது. அசல் பாகம் பொருத்தவும்," என்றது கொட்டகையில் நின்ற டிராக்டர்.

"வாய மூடு," என்றார் கொம்பையா. அது மூடாது. சற்று நேரத்துக்கு ஒருமுறை இதையே சொல்லும்படிதான் அதைப் படைத்திருந்தார்கள்.

செவ்வாயில் கிடப்பது மண்ணே அல்ல, செம்புழுதி. அதன் உப்பை அலசி, பாசி வளர்த்து, அடுப்படிக் கழிவிலிருந்து கக்கூஸ் கழிவுவரை எல்லாவற்றையும் கொட்டி, மண்புழு விட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து கொம்பையாவும் அவர் மனைவி சண்முகக்கனியும் ஆக்கிய வயல் அது. அதைத் தினமும் டிராக்டர் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். விட்டால் ஈரத்தைக் குடித்த புழுதி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். இறுகியதை மறுபடி மண்ணாக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. வயல் செத்த குடும்பத்தை நிர்வாகம் பனிச்சுரங்கத்துக்கு அனுப்பிவிடும். அங்கே இறங்கியவர்கள் மேலே வந்து வெளிச்சத்தைப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

டிராக்டர் நின்றதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் ஈர்ப்புவிசையில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் மண் இறங்குவதற்குப் பதிலாக ஆள்தான் எழும்புகிறார். ஒரு மூலையைக் கொத்தி முடிப்பதற்குள் எதிர்மூலை இறுகியது.

இத்தனைக்கும் பழுதானது உள்ளங்கை அகல இரும்பு வளையம். கடைசல் பட்டறை மிக்கேல்ராசு அரைப் பொழுதில் ஒன்றைக் கடைந்து கொண்டுவந்தான். மாட்டிப் பார்த்தால் மயிரிழை இடைவெளி இல்லை. டிராக்டர் ஒரு நொடி யோசித்து, "அந்நியப் பாகம். இயங்க இயலாது," என்றது. கம்பெனி விற்கிற ஒவ்வொரு பாகத்திலும் எள்ளளவு ஒப்பச்சில்லு ஒன்று புதைந்திருக்கும். அது இல்லாத எதையும் வண்டி ஏற்காது.

"அச்சு அசலா கடைஞ்சிருக்கேன் அண்ணாச்சி. இதுக்கு என்ன திமிரு பாத்தீங்களா!" என்று மிக்கேல்ராசு டிராக்டரின் சக்கரத்தை ஓங்கி மிதித்தான். அவன் கால்தான் வீங்கியது.

ஆகவே கம்பெனியின் அங்காடியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அது எப்படிப்பட்ட காரியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்னொரு காலத்தில் கடைகளைக் கூப்பிட்டால் இயந்திரக் குரல் பேசியதாம். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று கழுத்தறுத்ததாம். வெறுத்துப்போன மக்கள் தெருவில் இறங்கிப் போராடி, மனிதக்குரல் சட்டம் என்று ஒன்றை வாங்கினார்கள். குறை சொல்லிக் கூப்பிடுகிறவனுக்கு மனிதன்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் செவ்வாயில் அவ்வளவு மனிதர்களுக்கு எங்கே போவது? எனவே வயதுவந்த எல்லாரும் தினமும் கொஞ்ச நேரம் காதுப்பட்டையை மாட்டிக்கொண்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. இதற்குக் குரல்முறை என்று பெயர்.

எந்தக் கடைக்காகப் பேசுகிறோம் என்பது மணி அடித்து, கண்வில்லையில் எழுத்து ஓடும்போதுதான் தெரியும். பதில் பேசுகிறவர் குரலைக் குரல்வடிகட்டி எல்லாருக்கும் பொதுவான ஓர் இனிமையான குரலாக மாற்றி, வட்டாரப் பேச்சையும் சலித்து எடுத்துவிடும். அழைப்பைச் சீக்கிரம் முடித்தால் புள்ளி ஏறும். இழுத்தால் இறங்கும். புள்ளிக்கு ஏற்பத்தான் வயலுக்குத் தண்ணீர்.

இதில் கொம்பையா கில்லாடி. 'முதல்ல நம்பரைக் கேளு. நம்பர் இருந்தா முழு நம்பரைக் கேளு. அதுவும் இருந்தா வேற பிரிவுக்குத் தள்ளிவிடு. கதை கேக்க மட்டும் ஆரம்பிச்சிராத, அம்புட்டுதான்' என்று கூடாரத்தில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். அவருடைய வயலுக்குத் தண்ணீர் குறைந்ததே இல்லை.

"வணக்கம். செம்மேழி உழவுக் கருவி அங்காடி. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். சொல்லுங்கள் ஐயா."

"மேழி ஏழு வண்டிக்கு இணைப்பு முனை வேணும். மண்ணு இறுகுது, கொஞ்சம் சீக்கிரம்."

"வண்டியின் பிறப்பு எண்ணைச் சொல்லுங்கள் ஐயா."

"தகடு தேஞ்சுபோச்சு. பாதி எண்ணுதான் தெரியுது."

"முழு எண் வேண்டும் ஐயா. வண்டியை இயக்கினால் திரையில் தெரியும்."

"வண்டி இயங்கலைன்னுதான கூப்பிடுதேன்!"

"புரிகிறது ஐயா. வண்டி இயங்கியதும் மீண்டும் அழையுங்கள். வேறு ஏதாவது உதவி தேவையா?"

கொம்பையா காதுப்பட்டையைக் கழற்றி எறிந்தார். "நம்மகிட்டயே முழு நம்பரைக் கேக்கான் பாரு, களவாணிப் பய!" என்றார். தன்னுடைய வித்தை தனக்கே திரும்பி வந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்காகக் கோபம் குறையவில்லை.

தகட்டில் எண்ணெய் தடவித் தேய்த்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒருவழியாக எண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னதும் பாகம் வந்தது. பிரித்தால், விதைக்கிற எந்திரத்தின் மூடி. திருப்பி அனுப்புகிறேன் என்றால், வந்த அட்டைப்பெட்டியோடு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

"அட்டையைப் புழு தின்னுட்டுய்யா! எங்க ஊர்ல அட்டை வந்தா அப்பமே நறுக்கி வயல்ல போட்டுருவோம்."

"பெட்டி இல்லாமல் மாற்ற இயலாது ஐயா. வேறு ஏதாவது உதவி தேவையா?"

அதற்கப்புறம் அவரைச் சரக்குப் பிரிவுக்குத் தள்ளினார்கள். சரக்குப் பிரிவு ஒப்பப் பிரிவுக்குத் தள்ளியது. ஒப்பப் பிரிவு, இது சரக்குப் பிரிவின் வேலை என்றது. ஒருமுறை, அவர் பதில் சொல்லாததால் கோரிக்கை முடிக்கப்பட்டது என்று தகவல் வந்தது. அவரை யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. சண்முகக்கனி கொத்திக்கொண்டே இருந்தாள். கை கொப்பளித்து உடைந்து, துணி சுற்றியிருந்தாள்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், அல்லது புண்ணியவதி, கொம்பையா சொன்ன முழுக் கதையையும் கேட்டார். புழு அட்டை தின்றதுவரை கேட்டார். "நானும் வயல்காரிதான் ஐயா," என்று விதியை மீறி ஒரு வார்த்தை வேறு வந்தது. "புழுதிக்காலம் வரப்போகிறது. அதற்கு முன்னால் கிளம்பும் கடைசி வண்டியில் ஏற்றிவிடுகிறேன்," என்று அந்தப் பொதுக் குரல் சொன்னபோது கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மகராசிக்கு அன்று எவ்வளவு தண்ணீர் குறைந்ததோ!

புழுதிக்காலம் வந்துவிட்டால் மாதக்கணக்கில் எந்த வண்டியும் ஓடாது. கடைசி வண்டி வருகிற நாளன்று கொம்பையா இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் வயலுக்குமாக நடந்தார். வானம் ஏற்கெனவே செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. தூரத்துக் கோபுரங்களோடு தொடர்பு அறுந்துபோக, அழைப்புகள் எல்லாம் அக்கம்பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து அவருக்குக் குரல்முறை மணி அடித்தது.

"சனியன், இப்பத்தானா வரணும்," என்று முனகிக்கொண்டு கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார். சட்டுப்புட்டென்று முடித்துவிட்டால், அங்காடியைக் கூப்பிட்டு, பெட்டி எங்கே வருகிறது என்று கேட்கலாம்.

ஏழெட்டு அழைப்புகளை ஊதித் தள்ளினார். அடுத்து, கண்வில்லையில் ஏதோ சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயர் ஓடியது.

"சார், கிடங்குலருந்து நசீமா பேசுறேன்," என்றது பெண்குரல். பின்னால் இன்ஜின் உறுமியது. "ஒரு பெட்டிக்கு மேல ஒட்டின சீட்டு காத்துல கிழிஞ்சுபோச்சு சார். எந்தக் கூடாரம்னு தெரியல. வண்டி கிளம்பிக்கிட்டிருக்கு. எங்க இறக்கணும்னு பாத்துச் சொல்லுங்க."

"பெட்டியின் பதிவு எண்ணைச் சொல்லுங்கள் அம்மா."

"அதான் சார் கிழிஞ்சுபோச்சு. கடைசி மூணு எழுத்து இருக்கு."

"முழு எண் இல்லாமல் பார்க்க இயலாது அம்மா."

"சரி, பெட்டியப் பிரிச்சு என்னன்னு பாத்துச் சொல்லவா? பொருளைச் சொன்னா கண்டுபிடிச்சிருவீங்கல்ல?"

"பிறர் பெட்டியைப் பிரிப்பது விதிமீறல் அம்மா."

"சார், இது கடைசி வண்டி. யாரோ என்னமோ அவசரத்துக்குக் கேட்டிருப்பாங்க. பாவம் சார். ரெண்டு நிமிஷம் இருங்க, நான் குலுக்கிப் பாத்தேன், உள்ள இரும்பு மாதிரி..."

கண்வில்லையின் ஓரத்தில் சிவப்பு மினுங்கியது. புள்ளி இறங்கத் தொடங்கியிருந்தது. கதை கேட்க ஆரம்பித்தால் அம்புட்டுதான்.

"புரிகிறது அம்மா. முழு எண் கிடைத்ததும் மீண்டும் அழையுங்கள். வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று சொல்லி, அவள் வாய் திறப்பதற்குள் 'தீர்க்கப்பட்டது' என்ற பொத்தானைத் தொட்டார். சிவப்பு அணைந்தது. முறை முடிந்த மணியும் அடித்தது. 'அப்பாடா' என்று எழுந்து சோம்பல் முறித்தார்.

வண்டி வந்தது. பருப்பு, எண்ணெய், காற்றுவடிகட்டி, மிக்கேல்ராசுக்கு ஒரு பொதி என்று எல்லாம் இறங்கின. கொம்பையாவுக்கு ஒன்றுமில்லை. வண்டி புழுதிக்குள் திரும்பிப் போனது.

அங்காடியைக் கூப்பிட்டார். அனுப்பிவிட்டோம் என்றார்கள். கத்தினார். தேடிப் பார்த்து, முகவரி தெரியாததால் பெட்டி கிடங்கிலிருந்தே திரும்பிவிட்டது, போக்குவரத்துச் சேவையாளர் அதைத் 'தீர்க்கப்பட்டது' என்று முடித்திருக்கிறார் என்றார்கள். மறுபடி எப்போது வரும்? புழுதிக்காலம் முடிந்ததும் ஐயா.

"எவன்யா அவன்? எந்தக் கூறுகெட்ட பய முடிச்சான்? அவன் பேரைச் சொல்லு!"

"பெயர் சொல்ல விதியில்லை ஐயா. ஆனால் உங்கள் பொருள் குறித்த உரையாடலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு."

சத்தம் கேட்டு ஓடிவந்த சண்முகக்கனியும் மறு காதுப்பட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். நசீமா என்கிற பெண் பேசினாள். எண்ணைச் சொல்லுங்கள் என்றது பொதுக் குரல். கொம்பையா முதல் வரியிலேயே கல்லாகிவிட்டார். சண்முகக்கனிக்குத்தான் ஒன்றும் தெரியாது.

"எரிஞ்சு போவான்! அந்தப் பிள்ளை எம்புட்டுக் கெஞ்சுது! பிரிச்சுப் பாக்கவான்னு கேக்கு. இவனுக்கெல்லாம் வீடு, வயலுன்னு ஒண்ணு இருக்குமா?" என்று பொரிந்து தள்ளினாள்.

குரல்வடிகட்டி பேசுகிறவரின் குரலை மட்டும்தான் மாற்றும். 'வேறு ஏதாவது உதவி தேவையா' என்று அந்தக் குரல் கேட்டபோது, அதற்குப் பின்னால், கொட்டகையின் எதிரொலியோடு, மற்றொரு குரல் தெளிவாகக் கேட்டது.

"இணைப்பு முனை பழுது. அசல் பாகம் பொருத்தவும்."

சண்முகக்கனி காதுப்பட்டையைக் கழற்றினாள். "இது நம்ம வண்டில்லா?" என்றாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். கொத்துகிற சத்தம் கேட்டது. மண்ணில் கொத்துகிற சத்தமாக அது இல்லை, பாறையில் இரும்பு படுகிற சத்தமாக இருந்தது.

புழுக்கள் மேலே வந்து சுருண்டு கிடந்தன. அந்த வாரக் கடைசியில் குழாயில் ஒன்றுமே கேட்கவில்லை. கொம்பையா ஊதிப் பார்த்தார், உதறிப் பார்த்தார், மிக்கேல்ராசின் குழாயை இரவல் வாங்கி வந்தும் வைத்துப் பார்த்தார். பனிச்சுரங்கத்துக்கான உத்தரவு அன்றே வந்துவிட்டது. கூடவே நிர்வாகத்தின் பாராட்டும் வந்தது. இந்தப் பருவத்தில் புதுவள்ளியூரிலேயே மிக விரைவாக அழைப்புகளை முடித்தவர் அவர்தானாம். அதற்குப் பரிசாக வாய்க்கால் தானே திறந்துகொண்டு, வயலுக்குத் தாராளமாகத் தண்ணீர் பாய்ந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. தட்டில் ஊற்றியது மாதிரி அப்படியே நின்றது. சண்முகக்கனி அதில் கால் நனைத்து உட்கார்ந்து அழுதாள்.

மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது குரல்முறை மணி அடித்தது. சுரங்கத்துக்குள் இறங்கும்வரை முறை உண்டு. கொம்பையா காதுப்பட்டையை மாட்டினார்.

"ஐயா, யாராவது கேளுங்கய்யா," என்றது ஓர் ஆண்குரல். அழுதிருப்பான் போல. "எம் மவ படுக்கிற அறையில காத்து கசியுது. ஒரு வால்வு கேட்டு அலையா அலையுறேன். எல்லாரும் நம்பரையே கேக்குறாங்க."

சிவப்பு மினுங்கியது. மினுங்கட்டுமே. இனிப் புள்ளி எதற்கு, தண்ணீர் எதற்கு? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த ஊருப்பா நீ, பிள்ளைக்கு என்ன வயசு, முழுசா சொல்லு என்று கேட்க வேண்டும் என்று கொம்பையா மனதார நினைத்தார். சத்தியமாக நினைத்தார். தொண்டையைக் கனைத்து, வாயைத் திறந்தார்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் ஐயா," என்றார். "வால்வின் பதிவு எண்ணைச் சொல்லுங்கள்."